ஊர்க்கதை படிக்க ஒரு எம்.ஏ.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. சமூகவியல் படிப்பதா, மானிடவியல் படிப்பதா என்ற உங்கள் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். கடிதத்தின் கடைசியில் உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னை நிறுத்தி வைத்தது. "ஊர்க்கதை படிக்கறதுக்கு ஒரு எம்.ஏ.வா?"

திருவண்ணாமலை மாடவீதியில் கற்பூரமும் குங்குமமும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் கேட்கும் கேள்வி அது. பி.எஸ்சி. முடித்த மகள் பி.எட். சேருவாள், இல்லையென்றால் பேங்க் பரீட்சை எழுதுவாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்திருப்பார். அவருடைய கவலை நியாயமானது. அவரிடம் நான் சொல்ல வேண்டியது இதுதான்: ஊர்க்கதையேதான் ஐயா. அந்தக் கதையைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவர் எந்தத் தெருக்காரர், அதே கதையை எதிர்த்தெருக்காரர் எப்படிச் சொல்வார் என்று நாலையும் சேர்த்து எழுதப் பழகுவதற்குத்தான் அந்த இரண்டு வருஷம்.

உங்கள் வீட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். அப்பாவின் தம்பியைச் சித்தப்பா என்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் அப்பா இருக்கிறார். அம்மாவின் அக்கா பெரியம்மா. அதில் அம்மா இருக்கிறாள். ஆனால் அம்மாவின் தம்பி மாமா. அந்தச் சொல்லில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சித்தப்பா மகன் அண்ணன், மாமா மகன் முறை. இதைச் சின்ன வயதிலிருந்தே ஒரு தடவைகூடத் தப்பாமல் சொல்லிவருகிறோம். ஏன் இப்படி என்று நம்மில் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

கேட்டவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் வக்கீலாக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன். செனிக்கா பழங்குடியினர் அப்பாவின் சகோதரனையும் 'அப்பா' என்றே அழைப்பதைக் கண்டு, உலகத்தில் வேறு எங்கேனும் இப்படி உண்டா என்று கேள்விப்பட்டியல் தயாரித்து ஊர் ஊராக அனுப்பினார். 1859 வாக்கில் தமிழ் உறவுச் சொற்கள் அவர் கைக்குக் கிடைத்தன. கொடுத்தவர் ஆர்க்காட்டு மிஷனின் ஸ்கடர் குடும்பத்துப் போதகர். ஆர்க்காடு என்றால் நம் பழைய வடஆர்க்காடு. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிகிற வரைக்கும் நாமெல்லாம் வடஆர்க்காட்டுக்காரர்கள். நம் பாட்டன் பூட்டன் வாயிலிருந்து வந்த மாமனும் அத்தையும் கடல் கடந்துபோய், 1871-இல் மார்கன் வெளியிட்ட பெரிய நூலில் அட்டவணையாக உட்கார்ந்தார்கள். உறவுமுறை ஆய்வு என்ற துறையே அந்த நூலில்தான் பிறந்தது. செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இந்த ஒற்றுமையே சாட்சி என்று மார்கன் நம்பினார். அந்தச் சாட்சி நிற்கவில்லை. அவர் எழுப்பிய கேள்வி நின்றுவிட்டது. யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக் கூடாது என்பதைச் சொல்லுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது நம் மொழி என்பது பிறகு வந்தவர்களுக்குப் புரிந்தது. அவர்களில் லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளரிடையே தங்கி எழுதியதில் இந்த மாமன் மச்சான் கதைக்கு முக்கிய இடம் உண்டு.

மார்கன் தமிழ்நாட்டில் கால் வைத்தவரில்லை. நம் சமூகத்தைப் பற்றிய முதன்மையான புத்தகங்களில் பல இப்படி வெளியாட்கள் எழுதியவை. அதில் எனக்குக் குறை இல்லை, நன்றி உண்டு. ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகள் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. அதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே தூசி என்றொரு கிராமம். இன்றைக்கு நம் மாவட்டத்தில் இருக்கிறது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், லண்டன் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்தப் பையன்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று யோசித்தார். லீவுக்கு ஊருக்குப் போகிற மாணவர்களிடம் ஒரு கேள்விப்பட்டியலைக் கொடுத்து, உங்கள் ஊரையே விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எத்தனை ஏர், எத்தனை கிணறு, யாருக்கு யாரிடம் கடன், கூலி நெல்லா காசா, பிழைக்கப் போனவர்கள் எங்கே போனார்கள். அப்படி எழுதப்பட்டவற்றில் ஒன்று தூசி. 1918-இல் அவை புத்தகமாயின. 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய வைத்தார்கள். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் கே. பரதனும் தூசிக்கு மறுபடி போனார்கள். ஒரே ஊர், எழுபது வருஷத்தில் மூன்று தடவை. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, அக்கிரகாரத்து வீடுகள் எப்படிக் காலியாயின என்பதையெல்லாம் ஒருவர் நினைவை நம்பாமல் எண்ணிப் பார்க்க முடிகிற ஊர்கள் இந்தியாவிலேயே குறைவு.

இதெல்லாம் பொருளாதாரம் என்ற பெயரில் நடந்தது. ஊருக்குள் போய்விட்டால் பொருளாதாரம் எங்கே முடிகிறது, சமூகவியல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. நம் ஆரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்பரா ஹாரிஸ் வைட் என்ற ஆய்வாளர் 1973-இல் அரிசி வியாபாரத்தையும் கடைத்தெருவையும் ஆராய வந்தார். பிறகு பத்துப் பத்து வருஷ இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தார். பட்டுத் தறி, அரிசி ஆலை, அடகுக்கடை என்று ஒரு சிறு நகரத்தை நாற்பது வருஷம் விடாமல் பார்த்தவர்கள் உலகத்திலேயே அதிகம் பேர் இல்லை. ஆரணிப் பட்டு உடுத்துகிற நமக்கு அதையெல்லாம் எழுதிய புத்தகம் இருப்பதே தெரியாது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இனி களப்பணி. பாடத்திட்டத்தில் அது ஒரு தாள், சில மதிப்பெண். என்னைக் கேட்டால் அதுதான் படிப்பு.

எம்.ஏ. முதல் வருஷம் களப்பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது நம் ஊர்ப் பௌர்ணமி. தொண்ணூறுகளின் நடுவில், கிரிவலக் கூட்டம் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்த காலம். மத்தியானம் மூன்று மணிக்கே போய்விட்டேன். பாதையோரம் முழுக்க வெறும் சாக்குகள் விரித்துக் கிடந்தன. ஒவ்வொரு சாக்கின் மேலும் ஒரு அரைச் செங்கல். ஆளைக் காணோம். சாயந்தரமானதும் ஒவ்வொருவராக வந்து அவரவர் சாக்கில் உட்கார்ந்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆயா மல்லாட்டை அவித்துக் கொண்டுவந்து ஆழாக்கில் அளந்து விற்றுக்கொண்டிருந்தார். நான் அட்டையில் செருகிய தாளோடு போய் நின்று, "ஆயா, மாசம் எவ்ளோ வருமானம் வரும்?" என்று கேட்டேன். ஆயா என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. சாமி பாக்க வந்தேன்." எதிரே ஒரு அன்னக்கூடை நிறைய மல்லாட்டை ஆவி பறந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு நாற்பது பேரைக் கேட்டேன். நாற்பது தாளும் பொய். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தாளோடு வருகிறவன் அவர்களுக்கு இதுவரை எந்த நல்லதும் கொண்டுவந்ததில்லை.

அடுத்த பௌர்ணமிக்குத் தாளை விட்டுவிட்டுப் போனேன். ஆயா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழைய பேப்பரில் பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் நான் மடித்ததெல்லாம் பிரிந்துகொண்டது. அவரே கையைப் பிடித்து மடிக்கக் காட்டிக்கொடுத்தார். ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் தணிந்தபோது தானாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த இடம் முன்பு அவருடைய நாத்தனார் இடம். நாத்தனார் மகளோடு பெங்களூர் போனபோது இவரிடம் விட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் சோளக்கதிர் விற்கும் பெண் மல்லாட்டை விற்கக் கூடாது. இவர் சோளம் தொடக் கூடாது. ஒரு பௌர்ணமிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பக்கத்து ஆள் சாக்கை விரித்து இடத்தைக் காப்பாற்றுவார். மூன்று பௌர்ணமி வராவிட்டால் இடம் போய்விடும்.

"இதெல்லாம் யாரு ஆயா முடிவு பண்ணது?"

"யாரு பண்றது? அப்டித்தான்."

அந்த 'அப்டித்தான்' என்ற இடத்தில்தான் நம் படிப்புக்கு வேலை ஆரம்பிக்கிறது. எழுதாத சட்டம், பத்திரமில்லாத பாத்தியதை, நாத்தனார் வழியாகக் கைமாறும் ஆறடி நடைபாதை. பல்கலைக்கழகத்தில் 'சமூக ஒழுங்கு' என்று பெரிய பெயரில் படித்ததை அன்றைக்கு ஒரு அரைச் செங்கல்லில் பார்த்தேன். திரும்பிப் போய்ப் பெருமையோடு இருபது பக்கம் எழுதினேன். என் ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'இந்த இடத்துக்காக இவரிடம் காசு வாங்குகிறவர் யாரும் இல்லையா?' நான் கேட்கவே இல்லை. நல்லிணக்கம் அவ்வளவு அழகாக இருந்ததில் அதிகாரம் என் கண்ணில் படவில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருக்கிறேன். உள்ளூர்க்காரர் என்பதால் உங்களுக்கும் அது நேரலாம், அதனால் எழுதுகிறேன். செங்கம் பக்கம் என் சொந்தக் கிராமத்தைப் பற்றி ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். பல வருஷம் கழித்து எடுத்துப் படித்தபோது, 'ஊர்' என்று நான் எழுதிய இடமெல்லாம் ஊர்த்தெருதான் என்று தெரிந்தது. திருவிழாவுக்கு 'ஊரே' கூடியது என்றிருந்தேன். சேரியில் இருந்து அன்றைக்குப் பறையடிக்க வந்தவர்கள் எங்கே நின்றார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. நானே பார்த்துத்தான் இருந்தேன். அப்படியும் எழுதவில்லை. நான் வளர்ந்த தெரு எனக்கு முன்பே எழுதக் கூடியது எது, கூடாதது எது என்று முடிவு செய்துவிட்டிருந்தது.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கினார். அதற்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்து எழுதிய புத்தகம் 1965-இல் வந்தது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே தங்கியதால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எந்தத் திண்ணையில் படுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஊர் நமக்குத் தெரிகிறது. அவராவது வெளியூர்க்காரர், திண்ணையைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. நமக்குத் திண்ணை பிறப்பிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

2023 ஜனவரி 30-ஆம் தேதி நம் மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் கலெக்டரும் போலீசும் துணை நிற்க நுழைந்தார்கள். அறநிலையத்துறைக் கோயில். பல பத்து ஆண்டுகளாக அவர்களுக்கு அடைத்திருந்த வாசல். பத்திரிகைகள் அதை ஒரு நாள் செய்தியாகப் போட்டன. நீங்கள் படிக்கப்போகும் படிப்பு மறுநாளிலிருந்து கேட்கத் தொடங்கும். அடுத்த வெள்ளிக்கிழமை யார் கோயிலுக்கு வந்தார்கள், யார் நின்றுவிட்டார்கள்? கூழ் ஊற்ற வரி வசூலிக்கும் நோட்டில் புதிய பெயர்கள் ஏறினவா? வயல் வேலைக்குக் கூப்பிடுவது நின்றதா? 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். பதிவேட்டில் நீங்கிய சொல் பஸ் கண்டக்டர் வாயில் எப்போது நீங்குகிறது என்று பார்த்து எழுதவும் ஆள் வேண்டும்.

இந்தத் துறை செய்த பாவங்களையும் நீங்கள் தெரிந்துகொண்டுதான் உள்ளே வர வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். கே. ரங்காச்சாரியின் உதவியோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் 1909-இல் வெளியிட்டார். இன்றும் எல்லோரும் எடுத்துப் புரட்டுகிற நூல். அதே தர்ஸ்டன் அளவுகோல் இடுக்கியை வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். மூக்கின் அகலத்தில் சாதியின் தரத்தைத் தேடிய காலம் அது. போலீஸ்காரர்களுக்கும் இந்த அளவை வித்தையைப் பாடமெடுத்தார். அந்த ஏழு தொகுதிகளில் ஜவ்வாது மலையின் மலையாளி மக்களும் உண்டு. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தார்கள் என்ற அவர்கள் கதை, கல்யாண முறை, சாமி எல்லாம் இருக்கும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு இறந்த 20 பேரில் பலர் நம் மாவட்டத்தையும் தருமபுரியையும் சேர்ந்தவர்கள், மலைக்கிராமத்தார் உட்பட. செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று ஒரு வார்த்தையில் கதை முடிந்தது. மலையில் சாமைக்கு என்ன விலை கிடைத்தது, முன்பணம் கொடுத்தவர் யார், பஸ் ஏற்றிவிட்டவர் யார் என்ற கேள்விகளுக்கு வழக்கங்களின் பட்டியலில் பதில் இல்லை. வழக்கத்தை எழுதுகிற கை கூலியையும் கடனையும் எழுத வேண்டும். இரண்டு துறையில் எதைச் சேர்ந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

எதைச் சேர்வது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை 1945-லிருந்து இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு துறையும் உண்டு. மானிடவியல் சேர்ந்தால் எலும்புக்கூடும் மரபணுவும் ரத்தப்பிரிவும் சேர்ந்துதான் வரும். பி.எஸ்சி. படித்த உங்களுக்கு அது பயமில்லை. சமூகவியலில் கோட்பாடும் புள்ளிவிவரமும் கூடுதல். உங்கள் கடிதத்தில் மூன்று பக்கமும் மனிதர்களைப் பற்றியே எழுதியிருந்தீர்கள், ஒரு இடத்தில்கூட ஒரு எண் இல்லை. எனக்கு அதில் மானிடவியல்தான் தெரிந்தது.

வேலை உடனே கிடைக்காது. அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நெட் எழுதிக் கல்லூரிக்குப் போகலாம். இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் இரண்டுமே விருப்பப் பாடங்கள். அருங்காட்சியகம், இந்திய மானிடவியல் ஆய்வகம், பழங்குடியினர் நலம், தொண்டு நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. எதுவும் அகலமான வழி இல்லை. முதல் சம்பளம் வர உங்கள் தோழிகளைவிட நாலைந்து வருஷம் பிந்தும்.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' தமிழில் இருக்கிறது, அதை முதலில் முழுக்கப் படியுங்கள். அடுத்து தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்'. அவர் தமிழாசிரியர், இந்தத் துறைக்காரர் அல்லர். ஒரு கோயிலைக் கல்லாகப் பார்க்காமல், அதைச் சுற்றி நிற்கும் சாதிகள், குடிகள், உரிமைகள், கோபங்கள் வழியாகப் பார்ப்பது எப்படி என்பதை அதைவிடத் தெளிவாக நான் எந்த மொழியிலும் படித்ததில்லை. படித்துவிட்டு நம் கோயிலை நினைத்துப் பாருங்கள். மலை உச்சியில் தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருடையது. மீனவ மரபினர். கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில், மலையில், நெருப்பை ஏற்றும் உரிமை மீன்பிடிக்கிற குலத்துக்கு. கொப்பரை மேலே போகிறதை வருஷா வருஷம் கும்பிட்டிருப்பீர்கள். அதைத் தூக்குகிற தோள்கள் ஏன் அவர்களுடையவை என்று கேட்டிருக்கிறீர்களா? தலபுராணம் ஒரு பதில் சொல்லும், அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒன்று சொல்வார், கோயில் அலுவலகத்து ஏடு ஒன்று சொல்லும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் உங்கள் ஆய்வேட்டுக்கு அதுவே போதும்.

நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இரண்டு பிரதி. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சேர்த்த குறிப்புகளைப் பதினெட்டு வருஷம் பக்குவப்படுத்தி வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறை எரிந்தபோது அவையும் எரிந்தன. நினைவிலிருந்தே ஒரு புத்தகம் எழுதினார், 1976-இல் வந்தது. அருமையான புத்தகம். ஆனால் அந்த நினைவு அவருக்கு வாய்த்தது, நமக்கு வாய்க்காது.

விண்ணப்பம் போட இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். பேப்பர் வேண்டாம். மாடவீதியில் அந்தக் கடை எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். முதல் கடன் யார் கொடுத்தார், பகடி எவ்வளவு, பக்கத்துக் கடைக்காரர் எந்த ஊர், கற்பூரம் எங்கிருந்து வருகிறது, யாருக்குக் கடன் சொல்லலாம், யாருக்குக் கூடாது, தீபத்துக்கு முந்தின பத்து நாளில் நடைபாதைக் கடைகள் வரும்போது என்ன நடக்கும். அவர் "அப்டித்தான்" என்று சொல்லுமிடத்தில் கொஞ்சம் பொறுத்து, வேறு மாதிரி ஒரு தடவை கேளுங்கள். யாரிடம் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். ராத்திரியே, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவிடுங்கள். மேலே தேதி போடுங்கள்.

எழுதியதை எனக்கு அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்கிற இடங்களை அடிக்காமல் பக்கத்தில் தனியாகக் குறித்து அனுப்புங்கள். எனக்கு அந்த இடங்கள்தான் முதலில் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன்